மூன்றாவது வளைவில் நின்ற கார்

மதியம் மூன்று பத்துக்குக் கார் நின்றது.

சிவப்பு கார். இரண்டே சீட். தரையை உரசுகிற மாதிரி தாழ்ந்த உடம்பு. நேர்ச்சாலையில் அலறிக்கொண்டு வந்தது. மூன்றாவது வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து இடதுபக்கம் திரும்பியது. திரும்பும்போது ஒருமுறை இருமியது. பிறகு சத்தம் இல்லை. டயர்கள் மட்டும் கொஞ்ச தூரம் உருண்டன.

"போச்சு," என்றான் ஹார்ன்.

சர்வேயர் கம்பி வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதிய பெண்மணி. அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பெயர் மட்டும் விடவில்லை. ஹார்ன் அவருடைய உதவியாளன். நாற்பது வயது, கனத்த உடம்பு. தேவையில்லாத இடத்தில் சத்தம் கொடுக்கிறான் என்று அவர்தான் அந்தப் பெயரை வைத்தார்.

காரை ஓட்டியவள் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து கைகளை எடுத்தாள். இரண்டையும் முகத்துக்கு முன்னால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன மேடம், கைரேகை பாக்கறாங்களா?"

"பதறுதான்னு பாக்கறா," என்றார் சர்வேயர்.

ஓடுதளத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு டீமுக்கும் ஒன்று. கடைசிக் கொட்டகையின் கதவில் 'அண்ணன் - தங்கை' என்று எழுதியிருந்தது. ஓட்டுவது தங்கை. எஞ்சினைப் பார்த்துக்கொள்வது அண்ணன். தங்கையின் கணவன் பணம் போடும் கம்பெனியோடு பேசுவது, டயர் வரவழைப்பது, ரேஸ் ஆபீசில் ஓட்டுபவர் பெயர் கொடுப்பது எல்லாவற்றையும் கவனிப்பவன். மூன்று பேர், ஒரு கார், ஒரு குடும்பம்.

சர்வேயரை அழைத்தது தங்கை. யாரையும் கேட்காமல் அழைத்திருந்தாள்.

காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அண்ணன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் முதல் திருப்பிலேயே எழுந்தது. ஒரு பிசிறு இல்லை.

"டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்டுடற ரகம்," என்றான் ஹார்ன்.

"என்கிட்ட எப்பவும் இப்படித்தான்," என்றான் அண்ணன். "சாதுவா இருக்கும்."

கணவன் சர்வேயரிடம் திரும்பினான். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வண்டி ரிப்பேருக்கு எதுக்குத் துப்பறியறவங்க?"

"மெக்கானிக் கைவிட்டதுதான் சார் எங்ககிட்ட வரும்," என்றான் ஹார்ன். "மெக்கானிக்கையே சில சமயம் கைவிட்டுட்டு வருவாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

தங்கை ஹெல்மெட்டை மேசை மேல் வைத்தாள். சின்ன உருவம். அண்ணனின் தோளுக்குக் கீழேதான் அவள் தலை. "நானே சொல்லிடறேன்," என்றாள். "சீசன் ஆரம்பத்துல எல்லாம் நல்லா இருந்துச்சு. ஒரு ரேஸ் ஜெயிச்சேன். அதுக்கப்புறம் ஓடினதெல்லாம் இதே வளைவுல நின்னுது. ஞாயித்துக்கிழமை கடைசி ரேஸ். அதை முடிக்கலைன்னா அடுத்த வருஷம் இந்த சீட்டு எனக்கில்ல. கம்பெனிக்காரங்க முகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்க."

"யார் ஓட்டினா நிக்குது?"

"நான் ஓட்டினா."

"மத்தவங்க ஓட்டினா?"

"அண்ணன் எத்தனையோ தடவை ஓட்டிட்டான். நின்னதில்ல. இவர் ஒரு தடவை ஓட்டினார். நிக்கல."

"அப்போ வண்டி ஆள் பாத்து வேலை செய்யுது," என்றான் ஹார்ன். "எங்க வீட்டு பூனை மாதிரி."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றான் கணவன். "பதட்டம். வளைவு வந்ததும் கை இறுகிடுது. கிளட்ச்சைத் தப்பா விடறா. எஞ்சின் அணைஞ்சிடுது. இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

அன்பாகத்தான் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரியாயிடும் பாப்பா," என்றான் அண்ணன். "வளைவுக்கு முன்னாடி மூச்சை இழுத்து மெதுவா விடு. சொல்லிக் கொடுத்திருக்கேன்ல?"

"இன்னைக்கும் விட்டேண்ணா."

"விட்டுட்டே இரு. வரும்."

சர்வேயர் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத எஞ்சின். ஒயர்கள் வாரி முடித்த தலைமுடி மாதிரி படிந்து கிடந்தன. போல்ட்டுகளின் மேல் மஞ்சள் பெயின்டில் மெல்லிய கோடுகள். சிலவற்றில் ஒன்று. சிலவற்றில் இரண்டு.

"போல்ட்டுக்கெல்லாம் கோடு போட்ட சட்டை மாட்டி விட்டிருக்கீங்க," என்றான் ஹார்ன்.

அண்ணனின் முகம் மலர்ந்தது. "அது நம்ம ஒர்க்‌ஷாப் சட்டம் சார். போல்ட்டை முடுக்கினதும் தலையிலிருந்து பாடி வரைக்கும் ஒரு கோடு. போல்ட் அசைஞ்சா கோடு முறிஞ்சிடும், தூரத்திலிருந்தே தெரியும். அதே போல்ட்டைக் கழட்டி மறுபடி முடுக்கினா பழைய கோட்டுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. மூணாவது தடவைன்னா போல்ட்டைக் குப்பையில போட்டுட்டுப் புதுசு. ரெண்டு தடவை இழுபட்ட போல்ட்டை நான் நம்பமாட்டேன்."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான்."

"மறந்து போனது உண்டா?"

"கை தானா போடும் மேடம். தூக்கத்துல எழுப்பி முடுக்கச் சொன்னாலும் போட்டுட்டுத்தான் படுப்பேன்."

சர்வேயர் நிமிர்ந்தார். "இதுவரைக்கும் எதையெல்லாம் மாத்தினீங்க?"

அண்ணன் விரல் விட்டு எண்ணினான். பிளக். காயில். பெட்ரோல் ஃபில்டர். பம்ப்புக்குப் போகிற ரிலே. பம்ப்பையே ஒருமுறை. பேட்டரியும் புதியது. சார்ஜ் சரியாக ஏறுகிறது. "எஞ்சின் அணையறதுக்கு ரெண்டே வழிதான் மேடம். பொறி நிக்கணும், இல்ல பெட்ரோல் நிக்கணும். ரெண்டு வழியையும் அடைச்சுட்டேன்."

"எதைத் தொடல?"

"புரியல."

"மாத்தினதெல்லாம் சொன்னீங்க. தொடாதது எது?"

அவன் சிரித்தான். "இப்படி யாரும் கேட்டதில்ல. என்னத்தை விட்டேன்... கதவு. கண்ணாடி. சீட்டு. சீசன் ஆரம்பத்துல சீட்டை ஏத்தி முடுக்கினேன். அதுக்கப்புறம் என் கை படல. அதுல கெட்டுப்போக என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றார் சர்வேயர். ஹார்ன் பக்கம் திரும்பினார். "நீ ஓட்டு."

"நானா?"

"ஒரு சுத்து."

ஹார்ன் காரைப் பார்த்தான். தன் வயிற்றைப் பார்த்தான். "மேடம், இதுல ஏற முடியாது. சட்டை மாதிரி போட்டுக்கத்தான் முடியும்."

ஆனாலும் போட்டுக்கொண்டான். ஒரு காலை உள்ளே விட்டு, லிவரை அழுத்தி, சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, முனகிக்கொண்டே இறங்கினான். தங்கை அவனுக்கு பெல்ட் மாட்டிவிட்டாள். கார் கிளம்பியது.

எல்லோரும் வேலிக்கு வந்தார்கள். கார் நேர்ச்சாலையில் வந்தது. மூன்றாவது வளைவில் பிரேக் பிடித்தது. திரும்பியது. போய்க்கொண்டே இருந்தது.

தங்கை வேலிக் கம்பியை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஹார்ன் திரும்பி வந்து இறங்கும்போது முகமெல்லாம் பல். அவளைப் பார்த்ததும் பல்லை மூடிக்கொண்டான்.

"நல்லாத்தான் போகுது மேடம்," என்றான், குற்றம் செய்தவன் போல.

"பாத்தீங்கல்ல," என்றான் கணவன். "புதுசா வந்தவருக்கே நிக்கல. இதுக்கு மேல என்ன நிரூபிக்கணும்?"

சர்வேயர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு கேள்வி. எல்லாரும் சொல்லுங்க. இந்த வண்டியில ஏறினதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"கண்ணாடியைப் பாப்பேன்," என்றான் கணவன்.

"பெல்ட் மாட்டுவேன்," என்றாள் தங்கை.

"பெட்ரோல் முள்ளைப் பாப்பேன்," என்றான் அண்ணன்.

"மூச்சைப் பிடிச்சுக்குவேன்," என்றான் ஹார்ன். "இறங்கற வரைக்கும்."

"யாருமே சரியா சொல்லல," என்றார் சர்வேயர். "இவன் ஏறினதை நான் பாத்தேன். முழுசா ஏறக்கூட இல்ல. அதுக்குள்ள சீட்டைப் பின்னாடி தள்ளினான். நீங்களும் அதைத்தான் பண்ணுவீங்க. பண்றதே தெரியாம பண்ணுவீங்க. இந்தப் பொண்ணு ஒருத்திதான் முன்னாடி இழுக்கணும்."

தங்கை காரின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹார்ன், திரும்ப ஏறு. சீட்டை அவ வச்சிருந்த இடத்துக்கே கொண்டு வா."

"மேடம், அது கொலை முயற்சி."

"மெதுவா ஓட்டாதே. அவ ஓட்டற மாதிரி ஓட்டு."

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தான். "வேண்டாம் மேடம். ஸ்டீயரிங் வயித்துல மாட்டும். அவர் எங்கயாவது கொண்டு போய் முட்டினா ஞாயித்துக்கிழமைக்கு வண்டியே இருக்காது."

"முட்டமாட்டான். உசிர் மேல ரொம்பப் பிரியம் அவனுக்கு."

இந்த முறை ஹார்னை உள்ளே திணிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. முழங்கால்கள் டாஷ்போர்டைத் தொட்டன. ஸ்டீயரிங்குக்கும் அவனுக்கும் நடுவில் காற்றுகூட இல்லை. "என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுங்க," என்றான். "என்ன சொல்றதுன்னு நீங்களே யோசிச்சுக்குங்க." போய்விட்டான்.

மூன்றாவது வளைவு. பிரேக். இடதுபக்கம்.

கார் இருமியது. நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஹார்ன் பகுதி பகுதியாக வெளியே வந்தான். புல்வெளியைக் கடந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, நடந்தே வந்து சேர்ந்தான்.

"மேடம்," என்றான் மூச்சு வாங்க. "எனக்கும் பதட்டம் போல. கிளட்ச்சைத் தப்பா விட்டுட்டேனோ என்னமோ."

தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் உட்கார்ந்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாக இல்லை. "அப்போ என் கை இல்ல," என்றாள். "என் கை இல்லண்ணா."

அண்ணன் அவள் தலையில் கை வைத்தான். "இல்ல பாப்பா."

"நானே நம்பிட்டேன். சாப்பிடும்போதுகூட கையைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"தெரியும்."

சர்வேயர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை மேல் இருந்த கையை.

கார் மறுபடி கொட்டகைக்கு வந்தது. அண்ணன் ஸ்பேனரை எடுத்துவிட்டான். "சீட்டுக்கு அடியில பம்ப் ஒயர் போகுது. எங்கயோ மாட்டிட்டிருக்கும். நீங்கல்லாம் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அதுக்குள்ள முடிச்சுடறேன்."

"நீங்க உக்காருங்க," என்றார் சர்வேயர். "உங்க தங்கை கழட்டட்டும்."

"எனக்கு இது அஞ்சு நிமிஷ வேலை மேடம்."

"அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகட்டும். எத்தனை நாளா தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கா. அந்தக் கையே கண்டுபிடிக்கட்டும்."

மறுக்க முடியாத பேச்சு. அண்ணன் ஸ்பேனரை நீட்டினான். கொடுப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

தங்கை டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டாள். வெளியே தெரிந்தது அவளுடைய கால்கள் மட்டும். ஸ்பேனர் போல்ட்டில் உட்காரும் சத்தம் வரவேண்டும். வரவில்லை.

கால்கள் அசையாமல் இருந்தன.

பிறகு டார்ச்சை வாயிலிருந்து எடுக்கும் சத்தம். "அண்ணா."

"சொல்லு."

"சீட்டை நடுவுல ஒரு தடவை எடுத்தியா?"

"இல்லையே."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரு. தூசி தட்ட, எதுக்காவது."

"இல்ல பாப்பா. சீசன் ஆரம்பத்துல ஏத்தினதுதான்."

 ஸ்பேனர் திரும்பத் தொடங்கியது. ஒரு போல்ட். நகர்ந்து படுத்தாள். அடுத்தது. நான்கையும் கழற்றியபின் சீட்டை வெளியே இழுக்கக் கணவன் உதவிக்குப் போனான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தானே இழுத்தாள்.

சர்வேயர் குந்தி உட்கார்ந்தார். ஹார்ன் குந்த முயன்று, கைவிட்டு, குனிந்து பார்த்தான்.

பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் ஒயர் தரையோடு படிந்து போக வேண்டியது. அது தூக்கிச் சீட்டின் அடிவயிற்றில் கட்டப்பட்டிருந்தது. சீட் பின்னால் இருந்தால் ஒயர் தொளதொளவென்று கிடக்கும். முன்னால் வந்தால் விறைக்கும். ஒயர் போய்ச் சேரும் கனெக்டரில் பிடிப்புக்காக ஒரு கொக்கி உண்டு. அது சீவப்பட்டிருந்தது. ஓட்டுபவர் பிரேக் பிடித்துத் திரும்பும்போது உடம்பு சாயும். சீட் ஒரு மயிரிழை அசையும். கனெக்டர் விலகும். பம்ப் நிற்கும். இறங்குவதற்காக யாராவது சீட்டைப் பின்னால் தள்ளியதும் ஒயர் தளர்ந்து, கனெக்டர் தன் இடத்துக்கு வந்துவிடும். வண்டி சாது ஆகிவிடும்.

"அழகு," என்றான் ஹார்ன். வாயை மீறி வந்த சொல். "மன்னிச்சுக்குங்க. ஆனா இதைப் பண்ணவன் தன் வேலையில கெட்டிக்காரன்."

கணவன் முகம் வெளுத்திருந்தது. "யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க. வேற டீம் ஆளுங்க. இந்தக் கொட்டகைக்குப் பூட்டே சரியில்ல."

"மச்சான், மாப்பிள்ளை ரெண்டு பேருமே சாவி வச்சிருக்கீங்க," என்றான் ஹார்ன். "பூட்டு எதுக்கு?"

"நான் ஸ்பேனர்ல தலை எது வால் எதுன்னு தெரியாதவன் சார்."

"தெரியாதுன்னு சொல்றவங்கதான் சார் நல்லா தெரிஞ்சு வச்சிருப்பாங்க."

"அவர் இல்ல," என்றாள் தங்கை.

அவள் எழுந்து நின்றிருந்தாள். கையில் நான்கு போல்ட்டுகள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் கோடு. ஒன்றில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு.

அண்ணன் அதைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான், அது யாருடையதோ என்பது போல.

"பெயின்ட் டப்பா மேசை மேலதான இருக்கு," என்றான் கணவன்.  "யாரு வேணும்னாலும் எடுத்துப் போட்டிருக்கலாம். அவர் மேல பழி வரணும்னே போட்டிருக்கலாம்."

"பழி போட வந்தவன் கண்ணுல படற இடத்துல போடுவான்," என்றார் சர்வேயர். "சீட்டுக்கு அடியில, தலையை உள்ள விட்டாத்தான் தெரியற இடத்துல போடமாட்டான். மறைக்க வந்தவனோ பழைய கோட்டுக்குப் பொருத்தமா முடுக்கிட்டு ஒரே கோட்டோட விட்டுட்டுப் போயிருப்பான். ரெண்டாவது கோடு போட்டா நான் கழட்டினேன்னு எழுதி வச்ச மாதிரி. இதை யோசிச்சுப் போட்டிருக்க முடியாது. யோசிக்காத கைதான் போட்டிருக்கு."

கொட்டகையில் தகரம் வெயிலில் விரிந்து டிக் டிக் என்றது.

"அதுல உக்காரப் போறது நீ," என்றான் அண்ணன். தங்கையை மட்டும் பார்த்துப் பேசினான். "சீட்டு போல்ட். சும்மா முடுக்கிட்டு எழுந்திரிக்க முடியல."

அவள் போல்ட்டுகளை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"உனக்கு அடிபடாதுன்னு தெரிஞ்சுதான் செஞ்சேன். வேகம் இறங்கின வளைவு. ஓரத்துல புல்லு. அங்க மட்டும்தான் நிக்கும். ஓட்டி ஓட்டிப் பாத்து வச்சேன்."

"எதுக்கு?"

"உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதுண்ணா. சத்தியமா தெரியாது."

அவன் காரின் கூரையில் கை வைத்தான். "இதைப் பழைய இரும்பிலிருந்து எழுப்பினது நான். முதல் நாள் தளத்துல இறக்கினதும் நான். கம்பெனிக்காரங்க வந்தது என்னைப் பாக்க. அன்னைக்கு நீ சும்மா ஒரு சுத்து ஓட்டறேன்னு கேட்ட. கொடுத்தேன். அவ்வளவுதான். அன்னையிலிருந்து நான் ஸ்பேனர் பிடிக்கறவன்."

"நீ கேட்டிருந்தா இறங்கியிருப்பேனே."

"இறங்கியிருப்ப. அதான் கேக்கல."

ஹார்ன் வாயைத் திறந்தான். சர்வேயர் அவனைப் பார்க்கக்கூட இல்லை. மூடிக்கொண்டான்.

"வண்டியை நிறுத்தினதுகூட விடுண்ணா," என்றாள் தங்கை. சத்தமே இல்லாத குரல். "ஆனா தினமும் என்னை உக்கார வச்சு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தியே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எண்ணிக்கோ, மெதுவா, பதறாதேன்னு. அப்போ எல்லாம் உனக்குத் தெரியும்."

அண்ணன் காரின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கையை விட்டுட்டாவது சொல்லியிருக்கலாம்."

அவள் போல்ட்டுகளை மேசை மேல் வைத்தாள். சிதறாமல், ஒவ்வொன்றாக. கைகளைத் துணியில் துடைத்தாள். பிறகு கணவனிடம் திரும்பினாள். அவள் முகத்தில் முதல் முறையாக ஒரு தெளிவு இருந்தது.

"இந்த ஒயரை நானே சரி பண்ணிடுவேன். சாயங்காலம் ஒரு சுத்து போறேன், காலையில ரெண்டு. ஞாயித்துக்கிழமைக்கு வண்டி ரெடி. கம்பெனிக்குச் சொல்லிடுங்க."

கணவன் அசையவில்லை.

"ஏங்க?"

"பேர் மாத்தியாச்சு," என்றான்.

"என்ன பேர்?"

"ஞாயித்துக்கிழமை ஓட்டறவர் பேர். உனக்கு பதிலா மச்சான் பேரைக் கொடுத்துட்டேன். வண்டியாவது முடிச்சுடும், டீமாவது நிக்கும்னு..." அவன் நெற்றியைத் துடைத்தான். "எனக்கு இதெல்லாம் தெரியாது. நிஜமா தெரியாது. உன்னாலதான் நிக்குதுன்னு நெனச்சேன்."

"எப்போ கொடுத்தீங்க?"

அவன் தரையைப் பார்த்தான்.

"எப்போங்க?"

"இன்னைக்குத்தான். மூணாவது வளைவுல நின்னதும்."

"நான் வண்டியிலிருந்து இறங்கினேனா அப்போ?"

"இல்ல."

"ஹெல்மெட்?"

"கழட்டல," என்றான்.

அவள் தலையசைத்தாள். ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டது போல, நிதானமாக. அண்ணன் கூரையிலிருந்து கையை எடுத்தான். அவனுக்கும் அது புதிய செய்தி என்று முகத்தில் தெரிந்தது. கேட்டு வாங்காமலே சீட் அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. அவன் சந்தோஷப்படவில்லை. சந்தோஷப்படாமலும் இல்லை. அவன் கண்கள் ஒரு நொடி காருக்குள் போய்விட்டு வந்தன. சர்வேயர் அதைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள்.

"திரும்ப மாத்தலாமா?" என்று கேட்டார் சர்வேயர்.

"ரேஸ் ஆபீஸ் மூடறதுக்குள்ள மாத்தலாம்," என்றான் கணவன். "ஆனா ஏன்னு கேப்பாங்க. ஒரே நாள்ல ரெண்டு தடவை மாத்தினா கட்டாயம் கேப்பாங்க."

"சொல்றதுக்குத்தான் காரணம் இருக்கே," என்றான் ஹார்ன் மெதுவாக.

"அதைச் சொன்னா மச்சானை எந்த டீமும் வாசல்லகூட நிறுத்தமாட்டாங்க. சொந்த டீம் வண்டியில கை வச்ச மெக்கானிக்னு பேராயிடும். வேற எதாவது சொல்லிப் பாக்கலாம். நான் தப்பாக் கொடுத்துட்டேன், குழப்பம்னு..."

"அப்படிச் சொன்னா ஒத்துக்குவாங்களா?"

"தெரியல. நின்னது என்னாச்சு, சரியாச்சான்னு கேப்பாங்க. என்ன கோளாறுன்னு கேப்பாங்க."

"மேடம்," என்றான் அண்ணன். சர்வேயரிடம் பேசினான், தங்கையைப் பார்க்காமல். "நீங்க அறிக்கை எழுதுவீங்களா?"

"என்னைக் கூப்பிட்டது உங்க தங்கை. அவ கேட்டா எழுதுவேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வெளியே வேறு ஏதோ டீமின் கார் நேர்ச்சாலையில் அலறிக்கொண்டு போனது. மூன்றாவது வளைவில் சத்தம் தாழ்ந்து, மறுபடி ஏறியது.

தங்கை கணவனிடம் கையை நீட்டினாள். "போனைக் கொடுங்க."

"நீ இப்போ கோவத்துல இருக்க. கொஞ்சம் யோசிச்சுட்டு..."

"போனைக் கொடுங்க."

கொடுத்தான். அவள் ரேஸ் ஆபீஸ் எண்ணைத் தேடி அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடிக்கும் சத்தம் கொட்டகைக்குள் கேட்டது. விரல்கள் பதறவில்லை. அதை அவள் கவனிக்கக்கூட இல்லை.

மணி அடித்துக்கொண்டிருந்தபோதே நடந்து போய் அண்ணனுக்கு முன்னால் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். போனை அவன் கையில் வைத்து, அவன் விரல்களை அதன் மேல் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"நான் சொல்லப் போறதில்ல," என்றாள். "மேடமும் எழுதப் போறதில்ல. உன் விருப்பம் எதுவோ அதைச் சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

அவன் போனைப் பார்த்தான். மணி நின்றது. மறுமுனையில் ஒரு பெண் குரல், வேலை முடியும் நேரத்து அலுப்போடு, தாள் புரட்டும் சத்தத்தோடு பேசியது.

"ஆங், உங்க டீமா? நானே கூப்பிடலாம்னு இருந்தேன். கடைசியா ஒரு தடவை கேட்டுக்கறேன், ஞாயித்துக்கிழமை யார் ஓட்டறாங்க?"